‘குட்’, ‘பேட்’, ‘பிக்’: ஆங்கிலத் தேர்வில் இவற்றுக்குப் பதில் எதை எழுதலாம்?

ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் எழுதும் கட்டுரைகளில் அதே ஐந்தாறு அட்ஜெக்டிவ்கள்தான் (பெயரடைகள்) சுற்றிச் சுற்றி வருகின்றன: குட், பேட், பிக், நைஸ், ஹேப்பி, இம்பார்ட்டன்ட். எழுதுகிறவருக்கும் இது தெரியும். ‘வொகாபுலரி போதவில்லை’ என்று வருந்துவார். உடனே எங்கிருந்தாவது ஒரு பட்டியலைத் தேடி எடுத்து, குட் என்றால் எக்ஸலன்ட், சுபர்ப், மார்வெலஸ், ஃபேபுலஸ் என்று மனப்பாடம் செய்யத் தொடங்குவார். ஒரு மாதம் கழித்து அவர் எழுதும் கட்டுரையைப் பார்த்தால், பல நேரம் பழைய கட்டுரையே தேவலை என்று இருக்கும். முன்பு சாதாரணமாக, ஆனால் சரியாக இருந்த வாக்கியங்கள் இப்போது பெரிய சொற்களோடு தப்பாக நிற்கும்.

உழைப்பு வீணாகிறதே என்பதுதான் என் கவலை. ஒத்த பொருள் சொற்களைப் படிப்பது நல்ல வழிதான். படிக்கும் முறையில்தான் கோளாறு. இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது ஒரே ஒரு விஷயம். ஓர் அட்ஜெக்டிவை மாற்ற நினைத்தால், முதலில் அதற்கு அடுத்து நிற்கும் பெயர்ச்சொல்லைப் பாருங்கள். எந்தச் சொல் வரலாம், எது வரக்கூடாது என்பதை அந்தப் பெயர்ச்சொல்தான் முடிவு செய்கிறது.

ஆங்கிலச் சொற்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன். உங்களுக்குப் புதிதாகத் தோன்றும் ஒவ்வொன்றின் ஸ்பெல்லிங்கையும் உச்சரிப்பையும் அகராதியில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். சொல் தெரிந்திருந்தும் ஸ்பெல்லிங்கில் கோட்டை விட்டால் மதிப்பெண் போகும்.

தேர்வு எதைப் பார்க்கிறது?

வெளிநாட்டில் படிக்கவோ வேலை செய்யவோ போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் திறன் தேர்வு ஐ.இ.எல்.டி.எஸ். 1989 முதல் நடந்துவரும் அதை எடுத்துக்கொள்வோம். 0 முதல் 9 வரை பேண்ட் மதிப்பெண். எழுத்துத் தேர்வை நான்கு அளவுகோல்களால் மதிப்பிடுகிறார்கள். நான்குக்கும் சம எடை. அதில் ஒன்று ‘லெக்சிகல் ரிசோர்ஸ்’, அதாவது சொல்வளம். பேச்சுத் தேர்விலும் அதே பெயரில் ஓர் அளவுகோல் உண்டு. ஆக, கால்வாசி மதிப்பெண் சொற்களுக்கே என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தச் சொல்வளத்தை எப்படி அளக்கிறார்கள் என்பதுதான் பலர் கவனிக்காமல் விடுவது. ஏழாம் பேண்டுக்கான விளக்கத்தில், அதிகம் புழங்காத சொற்களைக் கையாளும் திறனோடு, நடையும் சொற்சேர்க்கையும் பற்றிய உணர்வு இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். சொற்சேர்க்கை என்றால் எந்தச் சொல்லோடு எந்தச் சொல் இயல்பாகச் சேர்ந்து வரும் என்பது, ஆங்கிலத்தில் கொலொகேஷன். கடினமான சொல் தெரிகிறது என்பதற்காக மட்டும் யாரும் மதிப்பெண் போடுவதில்லை. அது சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.இ தேர்வும் இதே பாதையில்தான் போயிருக்கிறது. 2011இல் அதன் வடிவத்தை மாற்றியபோது, தனிச் சொல்லைக் கொடுத்து எதிர்ச்சொல்லைக் கேட்கும் கேள்விகளை எடுத்துவிட்டார்கள். இப்போது ஒரு வாக்கியத்தில் கோடிட்ட இடம் இருக்கும்; கீழே ஆறு சொற்கள். எந்த இரண்டை இட்டால் இரண்டு வாக்கியங்களும் ஒரே பொருளைத் தரும் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆறில் இரண்டு சொற்கள் ஒத்த பொருள் உடையவை என்பதற்காக மட்டும் அவற்றைத் தேர்ந்தெடுத்துவிடக் கூடாது என்று தேர்வு நடத்துகிறவர்களே எச்சரிக்கிறார்கள். அந்த இரண்டும் வாக்கியத்தோடு பொருந்தாமல் போகலாம்.

ஏன் இத்தனை சொற்கள்?

ஒரே கருத்துக்கு ஆங்கிலத்தில் இவ்வளவு சொற்கள் இருப்பதற்கு வரலாறு ஒரு காரணம். 1066இல் நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றினார்கள். அதன்பின் சில நூற்றாண்டுகள் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு, மக்கள் வாயில் பழைய ஆங்கிலம், தேவாலயத்திலும் கல்வியிலும் லத்தீன் என்று மூன்றும் அருகருகே புழங்கின. மூன்றிலிருந்தும் சொற்கள் தங்கிவிட்டன. கிங்லி, ராயல், ரீகல் மூன்றும் அரசனைப் பற்றியவைதான். முதலாவது பழைய ஆங்கிலம், இரண்டாவது பிரெஞ்சு வழி, மூன்றாவது லத்தீன் சாயல்.

இப்படித் தங்கிய சொற்கள் காலப்போக்கில் ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொண்டன. ஹார்ட்டி, கார்டியல் என்ற இரண்டு சொற்களைப் பாருங்கள். இரண்டுமே ‘இதயம்’ என்ற பொருளிலிருந்து வந்தவை; ஒன்று பழைய ஆங்கிலத்தின் இதயம், மற்றது லத்தீனின் இதயம். ஆனால் வயிறு குலுங்கச் சிரித்தால் அது ‘ஹார்ட்டி லாஃப்’. இரண்டு நாடுகளுக்கு இடையே நல்லுறவு இருந்தால் அது ‘கார்டியல் ரிலேஷன்ஸ்’. இடம் மாற்றிப் போட்டால் படிக்கிறவருக்கு உறுத்தும். அகராதி இரண்டையும் ஒத்த பொருள் என்றே காட்டும்; வாக்கியம் அப்படி ஒப்புக்கொள்ளாது.

தமிழில் நமக்கு இது பழகிய விஷயம்தான். மழை பலத்த மழை, தூக்கம் ஆழ்ந்த தூக்கம், காடு அடர்ந்த காடு, வெயில் கடும் வெயில். எல்லாம் ‘மிகுதி’யைத்தான் சொல்கின்றன. ஆனாலும் ‘அடர்ந்த தூக்கம்’ என்று யாரும் சொல்வதில்லை. சால, உறு, தவ, நனி, கூர், கழி என்ற ஆறு உரிச்சொற்களும் மிகுதியைக் குறிப்பவை என்று பள்ளி இலக்கணத்தில் படித்திருப்போம். அதற்காக ‘சாலச் சிறந்தது’ என்பதை ‘உறு சிறந்தது’ என்று மாற்றிவிட முடியுமா? உறு, பசியோடு சேர்ந்து ‘உறுபசி’ ஆகும். தாய்மொழியில் இந்தக் காது நமக்குத் தானாக அமைந்துவிட்டது. ஆங்கிலத்தில் அதைப் பயிற்சியால் உண்டாக்க வேண்டும், அவ்வளவுதான்.

‘குட்’ ஒன்றை மட்டும் நிதானமாகப் பார்ப்போம்

குட் என்பது எந்தப் பெயர்ச்சொல்லோடும் ஒட்டிக்கொள்ளும் சொல். அதனால்தான் அது எதையும் துல்லியமாகச் சொல்வதில்லை. ‘குட் டீச்சர்’ என்றால் எப்படிப்பட்ட ஆசிரியர்? பொறுமையானவரா, பாடத்தில் கெட்டிக்காரரா, மாணவர்களுக்காக உழைக்கிறவரா? ‘எந்த விதத்தில் நல்லது?’ என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். விடை வந்தவுடன் சொல்லும் வந்துவிடும். பொறுமை என்றால் பேஷன்ட். திறமை என்றால் காம்பிடன்ட் அல்லது ஸ்கில்டு. அர்ப்பணிப்பு என்றால் டெடிகேட்டட்.

இதே கேள்வியை மற்றப் பெயர்ச்சொற்களிடமும் கேளுங்கள். ‘குட் எஃபெக்ட்’ என்றால் நன்மை தரும் விளைவு. ஆகவே பெனிஃபிஷியல் எஃபெக்ட், அல்லது பாசிட்டிவ் எஃபெக்ட். ‘குட் ரீசன்’ என்றால் ஏற்கத்தக்க காரணம். வேலிட் ரீசன், கன்வின்சிங் ரீசன். ‘குட் அட்வைஸ்’ என்றால் நம்பிப் பின்பற்றக்கூடிய அறிவுரை; சவுண்ட் அட்வைஸ். ‘குட் சொல்யூஷன்’ என்றால் பலன் தரும் தீர்வு, எஃபெக்டிவ் சொல்யூஷன். நடைமுறைக்கு ஒத்துவரும் தீர்வு என்றால் ப்ராக்டிக்கல் சொல்யூஷன். ‘குட் ரிசல்ட்ஸ்’ இரண்டு வகை. எதிர்காலத்தில் நம்பிக்கை தரும் முடிவுகள் ப்ராமிசிங், பார்த்தவுடன் வியக்கவைக்கும் முடிவுகள் இம்ப்ரெசிவ். ‘குட் ஜாப்’ என்று ஒரு வேலையைச் சொன்னால், நல்ல சம்பளமா, மனநிறைவா, நிலைத்த வேலையா? வெல்-பெய்ட், ரிவார்டிங், செக்யூர் என்று மூன்று வெவ்வேறு சொற்கள் அங்கே காத்திருக்கின்றன.

இப்போது இவற்றை இடம் மாற்றிப் பாருங்கள். பெனிஃபிஷியல் டீச்சர், பேஷன்ட் ரீசன், சவுண்ட் ஜாப். ஒன்றுகூடத் தேறாது. எல்லாமே குட் என்ற சொல்லின் ஒத்த பொருள் சொற்கள்தானே, பிறகு ஏன் தேறவில்லை? ஒவ்வொன்றும் குட் என்பதன் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டது. அந்தத் துண்டுக்குப் பொருந்தும் பெயர்ச்சொல்லோடு மட்டுமே அது வரும். எக்ஸலன்ட், சுபர்ப் போன்றவை துண்டு எடுக்கவில்லை, அளவை மட்டும் கூட்டுகின்றன. ‘எக்ஸலன்ட் டீச்சர்’ பிழையில்லை. ஆனால் குட் சொன்னதைவிடப் புதிதாக அது எதையும் சொல்லவில்லை. அளவைக் கூட்டும் சொற்களைவிடத் துல்லியம் கூட்டும் சொற்களுக்கே முதலிடம் கொடுங்கள் என்பேன்.

பேட் என்பதையும் இப்படியே பிரிக்கலாம். விளைவு என்றால் ஹார்ம்ஃபுல், அட்வர்ஸ். தரம் என்றால் புவர். வலி என்றால் சிவியர். நாற்றம் என்றால் ஃபவுல், அன்ப்ளெசன்ட். பழக்கம் என்றால் அன்ஹெல்தி. நடத்தை என்றால் அன்அக்செப்டபிள். நைஸ் என்ற சொல்லைத் தேர்வுக் கட்டுரையில் கூடுமானவரை தவிர்த்துவிடுங்கள். ஆள் என்றால் கைண்ட் அல்லது ஃப்ரெண்ட்லி, இடம் என்றால் ப்ளெசன்ட் என்று எழுதினாலே போதும்.

பிக், லார்ஜ், கிரேட்

மூன்றும் ‘பெரிய’ என்றுதான் பள்ளியில் படித்தோம். ஆனால் எண்ணிக்கை, அளவு, விகிதம் பற்றிப் பேசும்போது எழுத்து நடையில் லார்ஜ் வரும்: லார்ஜ் நம்பர், லார்ஜ் அமவுன்ட், லார்ஜ் ப்ரொபோர்ஷன். தவறைச் சொல்லும்போது பிக் மிஸ்டேக் சரி, லார்ஜ் மிஸ்டேக் வராது. முக்கியத்துவம், மகிழ்ச்சி போன்ற கண்ணுக்குத் தெரியாதவற்றோடு கிரேட் வரும்: கிரேட் இம்பார்ட்டன்ஸ், கிரேட் ப்ளெஷர். ‘மை பிக் பிரதர்’ என்றால் என் அண்ணன். அதையே ‘மை லார்ஜ் பிரதர்’ என்று எழுதினால் உடல் பருத்த சகோதரன் என்றாகிவிடும்.

இவற்றுக்கு மேல் போக விரும்பினால், பிரச்சினைக்கு மேஜர் அல்லது சீரியஸ், நிலப்பரப்புக்கு வாஸ்ட், வித்தியாசத்துக்கு சிக்னிஃபிகன்ட் அல்லது மார்க்ட், அதிகரிப்புக்கு சப்ஸ்டான்ஷியல் அல்லது கன்சிடரபிள். ஜைகான்டிக், கொலோசல் போன்ற சொற்கள் கதை சொல்லும்போது நன்றாக இருக்கும். கருத்துக் கட்டுரையில் அவை மிகைப்படுத்தலாகத் தெரியும்.

வரைபடத்தை விவரிக்கும் கேள்வியில் இன்னொரு கவனம் தேவை. ஐ.இ.எல்.டி.எஸ் அகாடமிக் எழுத்துத் தேர்வின் முதல் பகுதியில் குறைந்தது 150 சொற்களில் ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ விவரிக்க வேண்டியிருக்கும். அங்கே ரைஸ், இன்க்ரீஸ், ஃபால் போன்ற சொற்களுக்கு முன் ஸ்லைட், கிராஜுவல், ஸ்டெடி, ஷார்ப், டிராமடிக் எல்லாம் வரும். இவை ஒத்த பொருள் சொற்கள் அல்ல. ஒவ்வொன்றும் ஓர் அளவைக் குறிக்கிறது. எண் 50லிருந்து 52க்கு ஏறினால் அது ஸ்லைட் ரைஸ். புதுச் சொல் போடும் ஆசையில் அங்கே டிராமடிக் என்று எழுதினால் தகவலே பொய்யாகிவிடும். 20லிருந்து 80க்குப் போனால் டிராமடிக் பொருந்தும். ஆண்டுக்காண்டு ஒரே சீராக ஏறினால் ஸ்டெடி. மெதுவாக ஏறினால் கிராஜுவல்.

இம்பார்ட்டன்ட்

கருத்துக் கட்டுரைகளில் குட்-ஐவிட அதிகம் தேய்ந்துபோன சொல் இதுதான். இதற்கு மாற்றாக வரும் சொற்களைத் தெரிந்துகொண்டால் உடனே பலன் தெரியும்.

அது இல்லாமல் முடியவே முடியாது என்றால் எசென்ஷியல்: வாட்டர் இஸ் எசென்ஷியல் ஃபார் லைஃப். ஒரு விஷயத்தின் முடிவையே தீர்மானிக்கக்கூடியது என்றால் குரூஷியல்: எ குரூஷியல் டிசிஷன். வைட்டல் என்ற சொல் ‘உயிர்’ என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்தது. ஒன்று இயங்கவும் பிழைக்கவும் தேவையானதைச் சொல்ல உதவும்: வைட்டல் ரோல், வைட்டல் ஆர்கன்ஸ். பல காரணங்களில் முதன்மையானது என்றால் கீ ஃபேக்டர், மேஜர் ஃபேக்டர். கவனிக்கத்தக்க அளவுக்குப் பெரியது என்றால் சிக்னிஃபிகன்ட்: எ சிக்னிஃபிகன்ட் இன்க்ரீஸ், எ சிக்னிஃபிகன்ட் இம்பாக்ட். இந்த இடத்தில் ‘குரூஷியல் இன்க்ரீஸ்’ என்று போட்டால் ஒட்டாது. ஆய்வு எழுத்தில் சிக்னிஃபிகன்ட் என்பதற்குப் புள்ளியியலில் தனிப் பொருளும் உண்டு. அறிவியல் படிப்புக்குப் போகிறவர்கள் அதை மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

வெரி எங்கே வரும், எங்கே வராது?

டயர்ட் என்றால் களைப்பு. அதற்கு மேல் எக்ஸாஸ்டட். கோல்டு, அதற்கு மேல் ஃப்ரீசிங். ஸ்மால், டைனி. இன்ட்ரஸ்டிங், ஃபேசினேட்டிங். பேட், டெரிபிள். ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டாவது சொல்லுக்குள்ளேயே ‘மிக’ என்பது அடங்கியிருக்கிறது. அதனால் ‘வெரி டயர்ட்’ சரி; ‘வெரி எக்ஸாஸ்டட்’, ‘வெரி ஃப்ரீசிங்’ என்றால் ஒரே பொருள் இரண்டு முறை வந்து நிற்கும். அழுத்தம் வேண்டுமானால் அப்சல்யூட்லி சேர்க்கலாம்: அப்சல்யூட்லி எக்ஸாஸ்டட், அப்சல்யூட்லி ஃப்ரீசிங். முதல் வகையோடு இது சேராது. ‘அப்சல்யூட்லி டயர்ட்’ என்று பொதுவாக எழுதமாட்டார்கள்.

இது ஒரு நல்ல பயிற்சியும் கூட. உங்கள் பழைய கட்டுரையில் வெரி வரும் இடங்களையெல்லாம் தேடுங்கள். வெரியையும் அதன் பின்னால் வரும் அட்ஜெக்டிவையும் சேர்த்து ஒரே சொல்லால் மாற்ற முடிகிறதா பாருங்கள். பேச்சுத் தேர்வில் இந்த ஜோடிகள் மிகவும் கைகொடுக்கும்.

சொல்லின் தொனி

பொருள் ஒன்றாக இருந்தாலும் மனப்பான்மை வேறாக இருக்கலாம். ஸ்லிம், தின், ஸ்கின்னி மூன்றும் ஒல்லியான உடலைக் குறிப்பவை. ஸ்லிம் பாராட்டு, தின் பெரும்பாலும் நடுநிலை, ஸ்கின்னி பல இடங்களில் குறை சொல்வது. வயதானவர்களைப் பற்றி எழுதும்போது ஓல்டு பீப்பிள் என்பதைவிட எல்டர்லி பீப்பிள், ஓல்டர் பீப்பிள் மரியாதையானவை. ஏன்ஷென்ட் என்பது கோயில், நாகரிகம் போன்றவற்றுக்கு. மனிதருக்குச் சொன்னால் கேலி. சைல்டுலைக் என்றால் குழந்தைபோன்ற கள்ளமின்மை, சைல்டிஷ் என்றால் சிறுபிள்ளைத்தனம். சீப் விலை குறைவைச் சொன்னாலும் தரமும் குறைவு என்ற வாடை அடிக்கும். அஃபோர்டபிள் என்றால் வாங்கக்கூடிய விலை. ஃபேமஸ் புகழ்பெற்றவர், நொட்டோரியஸ் என்பது கெட்ட பெயரால் அறியப்பட்டவர். ஒரு விஞ்ஞானியைப் பாராட்டி எழுதும் பத்தியில் நொட்டோரியஸ் வந்தால் எழுதியவர் சொல்ல நினைத்ததே தலைகீழாகிவிடும்.

நடையும் முக்கியம். ஆசம், சூப்பர், க்ரேசி எல்லாம் நண்பர்களோடு பேசும்போது வரும் சொற்கள். பேச்சுத் தேர்வில் ஓரிரு முறை வந்தால் குற்றமில்லை, கட்டுரையில் வேண்டாம்.

இலக்கணமும் கூடவே மாறும்

இதைச் சொல்லித்தராத பட்டியல்களால்தான் நிறையப் பிழைகள் வருகின்றன. இன்ட்ரஸ்டட் என்றால் பின்னால் இன் வரும். அதை கீன் என்று மாற்றினால் ஆன் வர வேண்டும். ஃபேசினேட்டட் என்று மாற்றினால் பை. அட்ஜெக்டிவை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய ப்ரெபோசிஷனை அப்படியே விட்டால், சொல்வளத்தில் கிடைத்ததை இலக்கணத்தில் இழப்பீர்கள்.

அஃப்ரெய்ட், அஸ்லீப், அலைவ் போன்ற சில சொற்கள் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வராது. ‘த சைல்ட் இஸ் அஃப்ரெய்ட்’ சரி. ‘அன் அஃப்ரெய்ட் சைல்ட்’ தவறு, அங்கே ஃப்ரைட்டன்ட் சைல்ட் என்று எழுத வேண்டும். அதேபோல ஸ்லீப்பிங் சைல்ட், லிவிங் திங்ஸ்.

டிஃபரன்ட் என்பதற்கு வேரியஸ் என்று மாற்றுகிறவர்கள் இரண்டைக் கவனியுங்கள். வேரியஸ் வந்தால் அடுத்து வரும் பெயர்ச்சொல் பன்மையில் இருக்க வேண்டும்: வேரியஸ் ரீசன்ஸ். ‘இது அதிலிருந்து வேறுபட்டது’ என்று சொல்லும்போது வேரியஸ் வரவே வராது. டிஃபரன்ட் ஃப்ரம், அல்லது டிஸ்டிங்க்ட் ஃப்ரம்.

ஒரு பத்தியைத் திருத்திப் பார்ப்போம்

ஒரு மாணவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

“ஆன்லைன் எஜுகேஷன் இஸ் குட் ஃபார் ஸ்டூடன்ட்ஸ். இட் கிவ்ஸ் தெம் எ குட் சான்ஸ் டு லேர்ன் அட் ஹோம். பட் இட் ஆல்சோ ஹாஸ் சம் பேட் எஃபெக்ட்ஸ். எ பிக் ப்ராப்ளம் இஸ் தட் மெனி சில்ட்ரன் ஃபீல் பேட் வென் தே ஸ்டடி அலோன்.”

பிழை எதுவும் இல்லை. கருத்தும் தெளிவு. ஆனால் நான்கு வாக்கியத்தில் குட் இரண்டு, பேட் இரண்டு, பிக் ஒன்று. பட்டியலை மனப்பாடம் செய்தவர் இதை எப்படி மாற்றுவார் என்றால், ஆன்லைன் எஜுகேஷன் இஸ் சுபர்ப், எ மார்வெலஸ் சான்ஸ், ஈவில் எஃபெக்ட்ஸ், எ ஜைகான்டிக் ப்ராப்ளம், ஃபீல் அட்ரோஷியஸ். இதில் ஈவில் எஃபெக்ட்ஸ் என்பது பழைய மதபோதனை போல ஒலிக்கிறது. ஃபீல் அட்ரோஷியஸ் என்பதில் குழந்தைகள் என்ன உணர்கிறார்கள் என்பது முன்பைவிட மங்கலாகிவிட்டது.

இப்போது பெயர்ச்சொற்களிடம் கேட்போம். முதல் வாக்கியத்தில் குட் ஃபார் என்பதன் பொருள் ‘பயன் தருகிறது’. அதற்கு அட்ஜெக்டிவே தேவையில்லை, பெனிஃபிட்ஸ் என்ற வினைச்சொல் போதும். அடுத்தது சான்ஸ், இங்கே அது வாய்ப்பு. வாய்ப்பு எப்படி நல்லது? மதிப்புள்ளது, வேல்யுபிள். அதோடு சான்ஸ் என்பதை ஆப்பர்சூனிட்டி ஆக்கினால் இரண்டும் பழகிய ஜோடி. விளைவு தீங்கானது, ஹார்ம்ஃபுல். பிரச்சினை முதன்மையானது, மேஜர். கடைசியில் ஃபீல் பேட்: தனியாகப் படிக்கும் குழந்தை எப்படி உணரும்? தனித்துவிடப்பட்டதுபோல. அதற்குச் சொல் ஐசலேட்டட்.

“ஆன்லைன் எஜுகேஷன் பெனிஃபிட்ஸ் ஸ்டூடன்ட்ஸ். இட் கிவ்ஸ் தெம் எ வேல்யுபிள் ஆப்பர்சூனிட்டி டு லேர்ன் அட் ஹோம். ஹவெவர், இட் கேன் ஆல்சோ ஹாவ் ஹார்ம்ஃபுல் எஃபெக்ட்ஸ். எ மேஜர் ப்ராப்ளம் இஸ் தட் மெனி சில்ட்ரன் ஃபீல் ஐசலேட்டட் வென் தே ஸ்டடி அலோன்.”

இதில் அகராதியைப் புரட்ட வைக்கும் சொல் எதுவும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு வாக்கியமும் முன்பு சொல்லாத ஒன்றைச் சொல்கிறது. ஐசலேட்டட் என்ற ஒரு சொல் வந்ததும் அடுத்த வாக்கியத்தில் என்ன எழுதலாம் என்பதுகூடத் தெரிகிறது: நண்பர்கள், குழுவாகப் படிப்பது, ஆசிரியரோடு நேரில் பேசுவது. துல்லியமான சொல் யோசனையையும் இழுத்துக்கொண்டு வரும். எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயமே அதுதான்.

எப்படிப் படிப்பது?

குறிப்பேட்டில் அட்ஜெக்டிவைத் தனியாக எழுதாதீர்கள். ஜோடியாக எழுதுங்கள். ‘சவுண்ட் = நல்ல’ என்று எழுதினால் அது உதவாது; ‘சவுண்ட் அட்வைஸ், சவுண்ட் ஜட்ஜ்மென்ட்’ என்று எழுதினால் தேர்வில் அட்வைஸ் என்று எழுதப்போகும்போதே சவுண்ட் நினைவுக்கு வரும். கீழே உங்கள் சொந்த வாக்கியம் ஒன்று. ப்ரெபோசிஷன் வருமானால் அதையும் சேர்த்தே எழுதுங்கள்.

பக்கங்களைத் தலைப்பு வாரியாகப் பிரிப்பது இன்னும் நல்லது. கல்வி, உடல்நலம், சுற்றுச்சூழல், தொழில்நுட்பம், வேலை என்று ஐந்தாறு தலைப்புகளில்தான் பெரும்பாலான கட்டுரைக் கேள்விகள் வரும். சுற்றுச்சூழல் பக்கத்தில் சிவியர் பொல்யூஷன், ரினியூவபிள் எனர்ஜி, இர்ரிவர்சிபிள் டேமேஜ். உடல்நலப் பக்கத்தில் பேலன்ஸ்டு டயட், ரெகுலர் எக்ஸர்சைஸ், க்ரானிக் இல்னெஸ். ஒரு நாளைக்கு மூன்று ஜோடி போதும். இருபது சொற்களை ஒரே நாளில் ஏற்றிக்கொண்டால் அடுத்த வாரம் இரண்டுகூட மிஞ்சாது. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1885இலேயே மறதி பற்றித் தன்னையே சோதித்து எழுதினார்: படித்ததில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலும் நாளிலும் மறந்துபோகிறது, இடைவெளி விட்டுத் திரும்பப் பார்த்தால் நிலைக்கிறது. எனவே இன்று எழுதியதை நாளையும், மூன்று நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் ஒரு முறை பாருங்கள். பெயர்ச்சொல்லை மட்டும் பார்த்து அட்ஜெக்டிவைச் சொல்லிப் பழகுங்கள்.

ஒரு ஜோடி சரியா என்று சந்தேகம் வந்தால் கேட்க இடம் இருக்கிறது. மாணவர்களுக்கான ஆங்கில அகராதிகளில் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் இருக்கும். பொருளைவிட அவற்றை முதலில் படியுங்கள். சொற்சேர்க்கைக்கென்றே தனி அகராதிகளும் உண்டு; பெயர்ச்சொல்லைத் தேடினால் அதற்கு முன்னால் வரும் அட்ஜெக்டிவ்களை வரிசையாகக் காட்டும். கார்பஸ் எனப்படும் மொழித் தொகுப்புகளும் இணையத்தில் கிடைக்கின்றன. பிரிட்டிஷ் நேஷனல் கார்பஸில் 10 கோடிச் சொற்கள், அமெரிக்க ஆங்கிலத்துக்கான கோக்கா தொகுப்பில் 100 கோடிக்கும் மேல். ஒரு ஜோடியை அங்கே தேடி, அது எத்தனை முறை, எந்த மாதிரி எழுத்தில் வருகிறது என்று பார்க்கலாம். ‘ஹெவி ரெயின்’ என்று தேடினால் வந்து குவியும். அதே ஹெவியை வேறு எதனோடு எல்லாம் ஆங்கிலம் சேர்க்கிறது என்றும் அப்போது தெரியும்: ஹெவி டிராஃபிக், ஹெவி ஸ்மோக்கர், ஹெவி லாசஸ். ஒத்த பொருள் சொற்களைத் தரும் தெசாரஸை மறந்துபோன சொல்லை நினைவுபடுத்திக்கொள்ளப் பயன்படுத்துங்கள். அதில் முதன்முதலாகப் பார்க்கும் சொல்லை அன்றே கட்டுரையில் போடாதீர்கள்.

தேர்வு அறையில்

கருத்துக் கட்டுரைக்கு 40 நிமிடம், குறைந்தது 250 சொற்கள் என்றால், எழுதும்போதே ஒவ்வொரு சொல்லுக்கும் மாற்றுத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. முதலில் கருத்தை எழுதி முடியுங்கள். குட், பிக் வந்தால் வரட்டும். கடைசியில் நான்கைந்து நிமிடம் ஒதுக்கி, அவை வந்த இடங்களை மட்டும் பாருங்கள். அடுத்த பெயர்ச்சொல்லுக்கு உங்கள் குறிப்பேட்டிலிருந்து ஒரு ஜோடி நினைவுக்கு வந்தால் மாற்றுங்கள். வரவில்லையென்றால், சந்தேகமான சொல்லைப் போடுவதைவிட குட் அங்கேயே இருக்கட்டும். ஒரு முறை வரும் குட் யாருடைய மதிப்பெண்ணையும் குறைப்பதில்லை. கேள்வியிலேயே இருக்கும் மையச் சொல்லையும் வலிந்து மாற்ற வேண்டாம். பப்ளிக் ட்ரான்ஸ்போர்ட் பற்றிய கேள்வி என்றால் அந்தப் பெயர் கட்டுரையில் பலமுறை வருவது இயல்பு. மாற்றிய இடங்களில் முன்னால் ‘எ’ வருமா ‘அன்’ வருமா, பின்னால் வரும் ப்ரெபோசிஷன் சரியா என்று ஒரு முறை பார்த்துவிட்டு விடைத்தாளைக் கொடுங்கள்.